இருபது தெத்ரி

எங்கள் லிஃப்டுக்குக் காசு போட்டால்தான் ஏறும்.
திபிலிசியின் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் இப்படித்தான்:
ஒரு தகரப்பெட்டி, ஒரு துளை, இருபது தெத்ரி.
நான்கு வருடமாக நான் போடவில்லை.
ஒன்பதாம் மாடி. நூற்று நாற்பத்து நான்கு படி,
உருளைக்கிழங்கு மூட்டையோடு, முழங்கால் வலியோடு.
யார் கேட்டாலும் 'உடற்பயிற்சி' என்பேன்.

அன்று மின்சாரம் போனது பதினோரு நிமிடம்தான்,
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே.
யாரும் சாகவில்லை.
கூட நின்ற ஷெர்மாதின் இருட்டில்
தன் தர்பூசணியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்கு மட்டும் நெஞ்சு தறிகெட்டு ஓடியது,
விரல் நுனிகள் மரத்தன,
காற்று இருந்தும் காற்றில்லை.
அப்புறம் மூன்று முறை இதயத்தைப் படம் எடுத்தார்கள்.
மூன்று முறையும் இதயம் நன்றாக இருந்தது.
அதைப் போல அவமானம் வேறில்லை.

காத்துனா, மருத்துவர், என்னைவிட இளையவள்,
ஜோடி சேராத காலுறைகளோடு வருபவள்,
மருந்துச்சீட்டின் பின்புறம் ஒரு பாதாம்பருப்பு வரைந்தாள்.
"இது உங்கள் அமிக்டலா.
தீயின் புகைக்கும் தேநீரின் ஆவிக்கும்
வித்தியாசம் பார்க்காத காவல்காரன்.
கத்துவது அவன் வேலை. திட்டாதீர்கள்."
மாத்திரை?
"தருகிறேன். மெல்லத்தான் கேட்கும்.
ஆனால் நீங்கள் படியேறும் ஒவ்வொரு முறையும்
அவனுக்குச் சம்பளம் கூடுகிறது."

இவேரி என் மகன். பதினோரு வயது.
இந்தக் குளிர்காலத்தில் தொலைத்தவை ஐந்து கையுறை,
எல்லாமே வலது கை.
கணக்கைப் பாதியில் விட்டு ஜன்னலுக்குப் போவான்,
ஜன்னலைப் பாதியில் விட்டுப் பூனைக்கு.
சோம்பேறி என்றது பள்ளி. நானும்தான் சொன்னேன்,
அதை இங்கே எழுதாமல் விட முடியாது.
கவனம் இல்லாதவன் அல்ல, என்றாள் காத்துனா,
அதைத் திருப்புகிற கைப்பிடிதான் தளர்ந்திருக்கிறது.
முன்மூளை முதிர இன்னும் கொஞ்சம் காலம் கேட்கிறது.
டோபமின் வரவேண்டிய வேளைக்கு வருவதில்லை.
எங்கள் அச்சகத்தில் சம்பளம் வருவதைப் போலவா, என்றேன்.
சிரிக்காமல் சொன்னாள்: கிட்டத்தட்ட.

காலையில் ஒரு கேப்ஸ்யூல்.
அது அவனை வேறு பையனாக்கவில்லை.
பசியைக் கொஞ்சம் திருடியது,
பக்கத்தின் கடைசி வரிவரை கூடவே நடந்து வந்தது.

என் சிகிச்சைக்கு அவனையே கணக்கன் ஆக்கினாள்.
முதல் வாரம் லிஃப்டின் முன்னால் நிற்பது மட்டும்.
பிறகு உள்ளே, கதவு திறந்தபடி.
பிறகு ஒரு மாடி.
பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவன் கேட்பான்,
நோட்டில் எழுதுவான்:
எட்டு. எட்டு. ஒன்பது. ஏழு.
இறங்கி ஓடாமல் நின்றால்
எண் தானாகக் களைத்துக் கீழே வரும், அதுதான் பாடம்.
பல் துலக்க மறக்கிறவன்
இதற்கு ஒரு நாளும் மறக்கவில்லை.
ஏனென்றால் இது லிஃப்ட்.
கயிறு, எதிர்எடை, அவசர பிரேக்,
இரவெல்லாம் படித்து வைத்திருந்தான்.
ஆனால் அவனுக்கு ஒரே ஒரு விதி:
ஆறுதல் சொல்லக் கூடாது. எண் மட்டும்.

நான் சுவரைப் பிடிக்காமல் நின்றேன்.
அவன் பிரேக்கைப் பற்றிப் பேசாமல் நின்றான்,
உதட்டைக் கடித்து, குதிகாலை மாற்றி மாற்றி.
யாருக்குக் கஷ்டம் அதிகம்
என்று எந்த நோட்டிலும் இல்லை.

முழுதாக ஒன்பது மாடியும் போகவேண்டிய நாள்.
பையைத் துழாவினான்.
"தேதா, காசு...
அந்தக் கையுறைக்குள் இருந்தது."
எந்தக் கையுறை என்று கேட்கவில்லை.
கோபத்தில் ஷெர்மாதின் வீட்டுக் கதவைத் தட்டி,
கடன் வாங்கி, துளையில் போட்டு,
கதவு மூடியபிறகுதான் நினைவு வந்தது
நான் பயப்பட வேண்டும் என்று.
வந்தது, தாமதமாக, மூச்சிரைக்க.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
"எண்?"
"ஒன்பது. இல்லை, இரு. எட்டு."
இவேரி நோட்டைத் திறந்தான்.
பேனா கொண்டுவரவில்லை.